தங்கவயலின் தராசில் 2024இன் திரைப்படங்கள்

ஆண்டு முடியும்போது நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் அந்த ஆண்டின் திரைப்படங்களை வரிசைப்படுத்துவது வழக்கம். பெரும்பாலான வரிசைகளுக்கு அளவுகோல் வசூல் ஒன்றே. எத்தனை கோடி, எத்தனை நாளில், எத்தனை திரையரங்குகளில் என்ற எண்களோடு ஒரு படத்தின் மதிப்பு முடிந்துவிடுகிறது. பெருமுதலீட்டுப் படங்களின் விளம்பரத் துறை உருவாக்கிய இந்த அளவுகோலை உழைக்கும் மக்களின் பிள்ளைகளே தங்களுடையதாக ஏற்றுக்கொண்டு, தங்கள் அபிமான நடிகரின் வசூலுக்காக ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவரே தயாரிப்பாளரின் இலாபக் கணக்கையும் தலையில் சுமக்கும் விந்தை இது.

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் வாழ்பவருக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் அன்று. இந்த ஊரின் பெயரையே ஒரு திரைப்படம் எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் முதல் பாகமும் 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகமுமாக வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தின் இரண்டாம் பாகம் மட்டும் உலகெங்கும் 1,200 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அதன் பிறகு வெளியூர் சென்று கே.ஜி.எஃப். என்று ஊர்ப்பெயர் சொல்லும் இளைஞரிடம், அங்குள்ள சுரங்கத்தைப் பற்றியோ அதில் இறங்கியவர்களைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. படத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் தமிழ்த் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து உருவாக்கிய ஊரின் பெயர், தாடி வைத்த ஒரு தனிமனிதனின் துப்பாக்கிக்கு அடைமொழியாகிவிட்டது.

ஆகவே தங்கவயலில் நின்று ஓராண்டுத் திரைப்படங்களை எடைபோடும்போது தராசும் தங்கவயலுடையதாகவே இருக்க வேண்டும். பொன்னை உரசிப் பார்ப்பது போல ஒவ்வொரு படத்தையும் மூன்று கேள்விகளில் உரசிப் பார்க்கலாம். முதலாவது: படத்தில் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறதா, அந்த உழைப்பின் பயனை எடுத்துச் செல்பவர் யார் என்பது தெரிகிறதா? இரண்டாவது: துன்பத்திலிருந்து மீள்வதற்கு மக்கள் கூடிச் செயல்படுகிறார்களா, அல்லது மீட்பர் ஒருவர் வரும்வரை காத்திருக்கிறார்களா? மூன்றாவது: படம் முடிந்து வெளியே வருபவர் தம் ஊரையும் வரலாற்றையும் முன்பைவிடத் தெளிவாக அறிகிறாரா, அல்லது இருந்த நினைவையும் இழக்கிறாரா? கலைநேர்த்தி இவற்றுக்கு அப்பாற்பட்டது அன்று. உழைப்பைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த ஒளிப்பதிவும் மக்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் உரையாடலும் நேர்த்தியின் பகுதிகளே.

பெயரைப் பறித்த படம்

2024இன் படங்களுக்குச் செல்லும் முன், தங்கவயலின் பெயரைப் பறித்த படத்தை இந்தத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது பயன்தரும். அந்தக் கதையில் 1951இல் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. ஒரு குடும்பம் அதை மறைத்து வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக்கிச் சுரங்கம் நடத்துகிறது. பேசவும் எதிர்க்கவும் தெரியாத அந்தக் கூட்டம் பம்பாயிலிருந்து வரும் நாயகனுக்காகக் காத்திருக்கிறது.

உண்மையான தங்கவயலின் கதை வேறு. மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றது 1870களில். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது 1880இல். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தபோது இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றில் மின்விளக்கு இல்லை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தலித் மக்களே பெரும்பான்மைத் தொழிலாளர்கள். நிலத்துக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை இறங்கிய அவர்கள் மேலே வந்ததும் வாய்மூடி இருக்கவில்லை. கைரேகைப் பதிவு என்ற பெயரில் தங்களைக் குற்றவாளிகளாக நடத்த நிர்வாகம் முயன்றபோது 1930இல் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940களில் கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்களின் வழிகாட்டுதலில் சங்கம் கட்டினார்கள். 1946இன் போராட்டக் காலத்தில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் இந்தத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது.

திரைப்படம் சொல்லும் 1951இல் தங்கவயலில் சங்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டில் தங்கம் 'கண்டுபிடிக்கப்படுவதற்கு' முன்பே இங்கே மூன்று தலைமுறைத் தொழிலாளர்கள் சிலிகோசிஸ் நோயில் நுரையீரலை இழந்திருந்தார்கள். கற்பனைக் கதைக்கு வரலாற்று ஆதாரம் கேட்பது முறையா என்று வினவலாம். கற்பனைக்கு உரிமை உண்டு. ஆனால் உண்மை ஊரின் பெயரை ஒட்டிக்கொண்டு, அந்த ஊர் மக்களை மீட்பருக்கு ஏங்கும் மந்தையாகக் காட்டும்போது, பறிபோவது பெயர் மட்டும் அன்று. தாங்களே எழுந்து நின்றவர்கள் என்ற நினைவும் சேர்ந்து பறிபோகிறது.

முதலிடம்: வாழை

2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான மாரி செல்வராஜின் 'வாழை' இந்த வரிசையில் முதலிடம் பெறுகிறது. கதையின் பெரும்பகுதி ஒரு பள்ளிச் சிறுவனின் தோளில் நிகழ்கிறது. வார விடுமுறையில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும் என்ற அச்சம், சுமையின் கனம், சேற்றில் கால் புதைவது, வரப்பில் வழுக்குவது, தாயிடம் பொய் சொல்லித் தப்ப முயல்வது என ஒவ்வொன்றையும் படம் நின்று பார்க்கிறது. கூலி வேலையை ஒரு பாட்டுக்குள் அடக்கிவிட்டுக் காதலுக்குத் தாவும் பழக்கம் இதில் இல்லை.

அதைவிட முக்கியமானது, படத்தின் நடுவே நிகழும் கூலிப் பேச்சுவார்த்தை. ஒரு தாருக்கு ஒரு ரூபாய் உயர்த்திக் கேட்கிறார்கள் தொழிலாளர்கள். முன்நிற்கும் இளைஞனின் சட்டையில் அரிவாள் சுத்தியல் சின்னம் இருக்கிறது. கோரிக்கை வெல்கிறது. ஆனால் கொடுத்த ரூபாயை வியாபாரி வேறு வழியில் மீட்டுக்கொள்கிறார்: ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏறிப் போக வேண்டும். அந்த லாரி கவிழ்கிறது. விபத்து என்று நாளேடுகள் எழுதும் செய்திக்குப் பின்னால் இருக்கும் கணக்கை இவ்வளவு எளிமையாக விளக்கிய தமிழ்ப் படங்கள் அரிது. கூலிக்கும் பாதுகாப்புக்கும் ஒரே நேரத்தில் போராடாவிட்டால், ஒன்றில் கொடுத்ததை முதலாளி மற்றொன்றில் பறித்துக்கொள்வார் என்பதைத் தொழிற்சங்க வகுப்பில் சொல்லும் அதே பாடம் இங்கே ஒரு தாயின் ஓலமாக வெளிப்படுகிறது. பாறை வெடிப்பில் புதைந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தங்கவயல் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆசிரியை மீது சிறுவன் கொள்ளும் ஈர்ப்புக்குப் படம் தேவைக்கு மேல் நேரம் தருகிறது. இறுதிக் காட்சிகளில் துயரத்தை அழுத்திச் சொல்லும் இசை, ஏற்கெனவே கலங்கிய பார்வையாளரை மேலும் நெருக்குகிறது. ஆயினும் மூன்று கேள்விகளுக்கும் நேராக விடை சொல்லும் படம் இந்த ஆண்டில் இதுவே.

இரண்டாமிடம்: ஆல் வி இமேஜின் அஸ் லைட்

பாயல் கபாடியாவின் இந்தப் படம் 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. அவ்விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் 30 ஆண்டுகளுக்குப் பின் இடம்பெற்ற இந்தியப் படம் இது. பாயல் கபாடியா, 2015இல் புனே திரைப்படக் கல்லூரியில் 139 நாட்கள் நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவர். விருது கிடைத்ததும் பாராட்ட முந்திக்கொண்ட அதிகாரத் தரப்பு, அந்த மாணவர்கள் மீது அன்று தொடுக்கப்பட்ட வழக்கைப் பற்றிப் பேசவில்லை.

மும்பையில் பணிபுரியும் மலையாளச் செவிலியர் இருவர், அதே மருத்துவமனையின் சமையற்கூடத்தில் வேலை செய்யும் மராத்தியப் பெண் பார்வதி ஆகிய மூவரின் வாழ்க்கை இது. தங்கவயலுக்கு மிக நெருக்கமானது பார்வதியின் கதை. மும்பையின் பழைய ஆலைப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த வீட்டைவிட்டு அவரை வெளியேற்றுகிறார் கட்டுமான முதலாளி. அங்கே வாழ்ந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இல்லை. 1982இன் மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் மூடப்பட்டு, அந்த நிலங்களில் வானுயர் கட்டடங்கள் எழுந்த வரலாறு இந்தச் சிறு கதையின் பின்னணி. சுரங்கம் மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு நெருங்கும் நிலையிலும் லைன் வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் தங்கவயல் குடும்பங்கள், பார்வதியின் வீட்டைத் தங்கள் வீடாகவே காண முடியும்.

இந்தப் படம் தமிழ் மக்களை எட்டவில்லை என்பதே பெரும் குறை. அது படத்தின் குறையும் அன்று. பெருநகரப் பன்திரை அரங்குகளில் சில காட்சிகளோடு முடிந்துபோகும் விநியோக முறையின் குறை. இரு பெண்கள் இரவில் கட்டுமான நிறுவனத்தின் விளம்பரப் பலகை மீது கல்லெறிந்து சிரிக்கும் காட்சியை, மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பார்க்க வேண்டும்.

மூன்றாமிடம்: தங்கலான்

2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியான பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' இந்த வரிசையில் ஏன் முதலிடம் பெறவில்லை என்று தங்கவயல் தோழர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 'கே.ஜி.எஃப்.' படம் அழித்த முகங்களைத் திரையில் மீண்டும் வரைந்தது 'தங்கலான்'தான். தங்கத்தைத் தோண்டியவர்கள் யார், அவர்கள் எந்த ஊரிலிருந்து எந்தக் கொடுமைக்குத் தப்பி வந்தார்கள் என்பதைப் பெரும்பொருட்செலவில் சொன்ன முதல் படம் இது. பயிரை எரித்து, வரியைக் காட்டி, சொந்த நிலத்தைப் பறித்து, உழவரைப் பண்ணையடிமையாக்கும் மிராசுதாரின் சூழ்ச்சி முதல் அரைமணி நேரத்தில் தெளிவாக விளங்குகிறது. முதன்முதலாக ரவிக்கை அணியும் பெண்களின் மகிழ்ச்சி அந்த ஆண்டின் சிறந்த காட்சிகளில் ஒன்று. பார்வதி திருவோத்துவின் கங்கம்மா, நாயகனின் நிழலாக இல்லாமல் சொந்தமாகச் சிந்திக்கும் பெண்.

சாதியும் காலனியாதிக்கமும் கைகோக்கும் இடத்தைப் படம் சரியாகவே அடையாளம் காண்கிறது. வெள்ளைத்துரை தரும் கூலியும் உடையும் மிராசுதாரிடமிருந்து விடுதலை போலத் தோன்றி, பின்னர் வேறொரு நுகத்தடியாகிறது. ஊரை விட்டு ஓடிவந்தவர்களின் இந்த இரட்டை அனுபவம் தங்கவயலின் மெய்யான அனுபவம்.

ஆனால் பிற்பாதியில் படம் வரலாற்றைக் கைவிட்டு மாயத்துக்குள் நுழைகிறது. தங்கத்தைக் காக்கும் ஆரத்தி, முற்பிறவி நினைவு, மன்னர் காலத்துப் பழி என்று விரியும் கதையில், மண்ணோடு பழங்குடிகளுக்கும் பௌத்தத்துக்கும் இருந்த உறவைக் குறியீடாகச் சொல்லும் முயற்சி தெரிகிறது. குறியீடு குற்றமன்று. ஆனால் அந்தக் குறியீட்டின் எடையில் உழைப்பு மறைந்துபோகிறது. தோண்டுவது, சுமப்பது, கூலி பெறுவது, கூலி மறுக்கப்படுவது எல்லாம் பின்தள்ளப்பட்டு, ஒரு மனிதனின் மனப்போராட்டமே மிஞ்சுகிறது. கதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி, சுரங்க நிறுவனம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் தங்கவயல் மக்களின் மிகப் பெரும் படைப்பான சங்கத்துக்குத் திரையில் இடமே இல்லை. தொன்மத்தில் அவர்களுக்கு மூதாதையர் கிடைத்தார்கள். வரலாற்றில் அவர்களுடைய தாத்தாக்களும் பாட்டிகளும் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்கும் படைப்பாளியை இப்படி விமர்சிப்பது எதிரிக்கு உதவுமே என்று சிலர் கருதலாம். அந்தக் கருத்து ஏற்கத்தக்கதன்று. பகைவரின் படத்தைப் புறக்கணித்துவிட்டுப் போகலாம். நட்பான படத்தோடுதான் உரையாட முடியும். 'தங்கலான்' தோண்டத் தொடங்கிய இடத்தில் நிறுத்தியிருக்கிறது. இன்னும் கீழே இறங்க வேண்டும் என்று சொல்வது அதற்குச் செய்யும் மரியாதை.

நான்காமிடம்: விடுதலை, பாகம் 2

வெற்றிமாறனின் இந்தப் படம் டிசம்பர் 20 அன்று வெளியானது. 2023இல் வந்த முதல் பாகம், மலைப்பகுதியில் சுரங்கம் அமைக்க வரும் அரசுக்கும் அதை எதிர்க்கும் மக்கள் படைக்கும் இடையே நிகழும் மோதலைக் காவல்துறைக் கடைநிலை ஊழியர் ஒருவரின் கண்வழியே சொன்னது. இரண்டாம் பாகம் பெருமாள் வாத்தியார் உருவான வரலாற்றைச் சொல்கிறது. கம்யூனிஸ்ட் தலைவரிடம் அரசியல் கற்பது, ஆலையில் சங்கம் அமைப்பது, பண்ணையாரின் வன்முறையை எதிர்கொள்வது, பின்னர் ஆயுதப் பாதைக்குத் திரும்புவது என்று கதை நகர்கிறது. பெருந்திரையில் செங்கொடியும் சங்கமும் கேலிக்குரியவையாகவோ வில்லனின் கருவியாகவோ காட்டப்படாமல், மதிப்புடன் இவ்வளவு நேரம் இடம்பெறுவது அண்மைக் காலத்தில் காணக் கிடைக்காதது. காவல்துறை உயரதிகாரிகளும் தலைமைச் செயலகமும் ஓர் என்கவுன்ட்டரை எப்படித் திட்டமிடுகின்றன என்பதையும் படம் துணிவுடன் காட்டுகிறது.

குறை அரசியலில் இருக்கிறது. அதன் விளைவு கலையிலும் தெரிகிறது. பாத்திரங்கள் வாழ்வதைவிட விளக்கவுரை ஆற்றுவதே அதிகம். ஆலைத் தொழிலாளர்கள் எப்படிக் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள், அச்சத்தை எப்படி வென்றார்கள் என்பதைக் காட்டாமல், வாத்தியாரின் வாயால் அதைக் கேட்கச் செய்கிறது படம். வெகுமக்களைத் திரட்டும் நீண்ட, சலிப்பூட்டும், நாள்தோறும் செய்ய வேண்டிய வேலையைவிடத் துப்பாக்கி ஏந்திய சிறு குழுவின் சாகசமே திரைக்கு ஏற்றதாக இருக்கிறது. இது வெற்றிமாறன் ஒருவரின் சிக்கலன்று. கிளைக் கூட்டத்தையும் நிதி வசூலையும் வாயிற்கூட்டத்தையும் சுவைபடச் சொல்லும் திரைமொழி இன்னும் உருவாகவில்லை.

ஐந்தும் ஆறும்

ஐந்தாமிடம் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'க்கு. வேற்றுச்சாதி இளைஞனை விரும்பியதாகக் கருதப்படும் பெண்ணுக்குப் 'பேயோட்ட' அவளைக் குடும்பமே ஆட்டோவில் அழைத்துச் செல்லும் ஒருநாள் பயணம் இது. பின்னணி இசையே இல்லாத இப்படத்தில் அந்தப் பெண்ணும் ஏறத்தாழப் பேசுவதேயில்லை. அவளுடைய மௌனமே எதிர்ப்பாகிறது. சாதிப் பெருமிதம் என்பது வில்லன் ஒருவரின் குணம் அன்று, பாசம் காட்டும் சொந்தங்களின் அன்றாடப் பேச்சிலேயே கலந்திருக்கிறது என்பதை இப்படம் காட்டுகிறது. மாதர் அமைப்புகளின் கூட்டங்களில் திரையிட்டு விவாதிக்கத் தகுந்தது. கூட்டுச் செயல்பாடு பற்றிய கேள்வியை அது எழுப்பவில்லை என்பதால் மட்டுமே ஐந்தாமிடம்.

ஆறாமிடத்தை இரு கிரிக்கெட் படங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஜனவரியில் வந்த எஸ். ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணத்தில் நிகழ்கிறது. தங்கவயலுக்கு மக்களை அனுப்பிய வட ஆற்காட்டு மண் அது. சாதியால் பிரிந்த இரு அணிகள், பணமும் செல்வாக்கும் படைத்த மூன்றாம் தரப்பால் தாங்கள் இருவருமே இழிவுபடுத்தப்படுவதை உணர்ந்து ஒன்றுசேர்கின்றன. செப்டம்பரில் வந்த தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து', திறமை இருந்தும் சாதியால் உள்ளூர் அணியில் இடம் மறுக்கப்படும் இளைஞனின் கதையை நகைச்சுவையோடும் எவரையும் அரக்கராக்காமலும் சொல்கிறது. மைதானத்தின் நடுவே டிராக்டரை ஓட்டி வரும் யசோதை, அந்த ஆண்டின் மறக்க முடியாத உழைக்கும் பெண். மக்கள் பெருந்திரளாகப் பார்த்து மகிழ்ந்த படங்கள் முற்போக்காகவும் இருக்க முடியும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இவற்றோடு, மார்ச்சில் வந்த மலையாளப் படமான பிளெஸ்ஸியின் 'ஆடுஜீவிதம்' குறிப்பிடத்தக்கது. பென்யாமினின் நாவலைத் தழுவிய அது, வளைகுடாவுக்குப் போய்ப் பாலைவனத்தில் அடிமையாக ஆடு மேய்க்கும் தொழிலாளியின் உடல் எப்படிச் சிதைகிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அவரை அங்கே சிக்கவைத்த கடவுச்சீட்டுப் பறிப்பையும் ஆள்பிடிக்கும் வணிகத்தையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, விதியிடமும் இறைவனிடமும் பொறுப்பை ஒப்படைக்கிறது.

கடைசி இடங்கள்

த.செ. ஞானவேலின் 'வேட்டையன்' என்கவுன்ட்டர் கொலையைக் கண்டிக்கிறது. தனியார் பயிற்சி நிறுவனங்களின் கொள்ளையைச் சாடுகிறது. ஆனால் எந்த நாயகனின் துப்பாக்கியைக் கண்டிக்க வேண்டுமோ, அதே துப்பாக்கிக்கு மெதுவசைவில் ஆரத்தி எடுக்கிறது. கருத்து ஒரு பக்கமும் நட்சத்திர வழிபாடு மறுபக்கமும் இழுக்க, வழிபாடே வெல்கிறது. தீபாவளிக்கு வந்த 'அமரன்' ஓர் இராணுவ அதிகாரியின் குடும்பத்தின் இழப்பை உள்ளத்தைத் தொடும் வகையில் சொன்னாலும், காஷ்மீர் மக்களைச் சந்தேகத்துக்குரிய பின்னணியாக மட்டுமே காட்டுகிறது. அங்கே அன்றாடம் வாழ்பவர்களின் குரல் எதுவும் அதில் கேட்பதில்லை.

கடைசி இடம், வசூலில் அந்த ஆண்டின் முதலிடத்தைப் பிடித்த 'புஷ்பா 2'க்கு. செம்மரம் வெட்டும் கூலியாகத் தொடங்கியவன் கடத்தல் உலகின் தலைவனாவதே இக்கதையின் பெருமிதம். மெய்யான கூலிகளின் கதை என்ன? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழைகள். தங்கவயலிலிருந்து அந்தக் காடு தொலைவில் இல்லை. அவர்களில் ஒருவரும் தலைவராகவில்லை. கூலி என்ற சொல்லை நாயகனின் ஏணிக்கு முதற்படியாக்கிவிட்டு, மேலே ஏறியதும் மற்றக் கூலிகளை மறந்துவிடும் இந்த வார்ப்பு 'கே.ஜி.எஃப்.' வார்த்த அதே அச்சில் வந்தது. உழைப்பவன் உயர வேண்டுமானால் தன் வர்க்கத்திலிருந்து தப்பித்து ஒடுக்குபவனாக வேண்டும் என்பதே இப்படங்கள் புகட்டும் பாடம். ஹைதராபாத் திரையரங்கில் முன்னோட்டக் காட்சியின் நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்ததையும் வசூல் கணக்கில் எழுத வேண்டும்.

எடுக்கப்படாத படங்கள்

ஓராண்டின் படங்களை மதிப்பிடும்போது எடுக்கப்படாத படங்களையும் எண்ண வேண்டும். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் தலையான கோரிக்கை சங்கம் வைக்கும் உரிமை. தமிழ்நாட்டின் அந்த ஆண்டுப் பெருநிகழ்வுகளில் ஒன்றான அது, திரையுலகின் கண்ணில் கதையாகப் படவில்லை.

தங்கவயலிலும் அப்படியே. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அந்த நாளும் அதன் பின்னான குடும்பங்களின் வாழ்வும் ஒரு பெரிய படத்துக்குப் போதுமானவை. 2024 ஜூன் மாதத்தில், 'தங்கலான்' வெளிவருவதற்கு இரு மாதங்களுக்கு முன், சுமார் 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 சயனைடு மேடுகளிலிருந்து தங்கம் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த மேடுகள் திரைப்படங்களுக்கு அழகிய பின்புலம். ஆண்டர்சன்பேட்டை மக்களுக்கோ காற்றடிக்கும் காலத்தில் சோற்றில் விழும் புழுதி. தாத்தாக்கள் தோண்டி எடுத்த மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும்போது, பேரன்களுக்கு வேலை உண்டா, புழுதிக்கும் நஞ்சுக்கும் பாதுகாப்பு என்ன, லைன் வீடுகளின் கதி என்ன என்ற கேள்விகளை யாரும் திரையில் கேட்கவில்லை. தங்களுக்கு வரலாறு உண்டு என்று அறிந்த மக்களே இந்தக் கேள்விகளை உரத்துக் கேட்க முடியும். திரைப்பட விமர்சனம் தங்கவயலில் அரசியல் பணியாவது இதனால்தான்.

திரைக்குப் பின்னாலும் உழைப்பு இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 19 அன்று வெளியான ஹேமா குழு அறிக்கை மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை வெளிக்கொணர்ந்தது. ஜூலையில் சென்னையில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அதே மாதம் கர்நாடகச் சட்டமன்றம், திரைத் தொழிலாளர் நலனுக்காக நுழைவுச்சீட்டில் 1 முதல் 2 விழுக்காடு வரை தீர்வை விதிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அது நல்ல தொடக்கம். செயலுக்கு வருகிறதா என்று சங்கங்கள் கண்காணிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இடதுசாரிகளுக்குத் திரைப்படம் அயலான துறை அன்று. 1960இல் நிமாய் கோஷ் இயக்கத்தில், எம்.பி. சீனிவாசன் இசையில், இயக்கத் தோழர்களின் முயற்சியால் உருவான 'பாதை தெரியுது பார்' தொழிலாளர் போராட்டத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. அவ்விருவரே சென்னைத் திரைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டவும் முன்நின்றார்கள். படம் எடுப்பதையும் சங்கம் கட்டுவதையும் அவர்கள் ஒரே பணியாகப் பார்த்தார்கள்.

அந்த மரபைத் தொடரப் பெருமுதலீடு தேவையில்லை. முதலாவதாக, இந்த வரிசையின் முதல் ஐந்து படங்களையாவது கிளைகள் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் ராபர்ட்சன்பேட்டையிலும் உரிய அனுமதியோடு திரையிட்டு, முடிவில் ஒரு மணி நேரம் விவாதம் நடத்தலாம். 'வாழை'யின் கூலிப் பேச்சுவார்த்தையை ஒப்பந்தத் தொழிலாளர்களோடு பேசுவது நூறு துண்டறிக்கைகளுக்குச் சமம். இரண்டாவதாக, சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்களின் நினைவுகளையும், அவர்களுக்குச் சோறு கட்டி அனுப்பிய பெண்களின் நினைவுகளையும் கைப்பேசியிலேயே பதிவு செய்ய முடியும். சங்கத் துண்டறிக்கை, உறுப்பினர் அட்டை, பழைய ஒளிப்படம் எதையும் எடைக்குப் போடாமல் சேர்த்து வைக்க வேண்டும். மூன்றாவதாக, கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் ஊர் இளைஞர்களைத் தேடிச் சென்று, இந்தப் பதிவுகளை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். நாயகனைத் தேடி அவர்கள் வெளியே அலைய வேண்டாம். பாட்டன்மாரின் வேலைநிறுத்தமே அவர்களுக்குக் கதை.

தங்கவயலின் பெயரை வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைத் திருப்பித் தர மாட்டார்கள். அந்தப் பெயருக்குள் மறைந்து கிடக்கும் மக்களின் கதையை அந்த மக்களே சொல்லத் தொடங்கும்போது பெயர் தானாகத் திரும்பி வரும்.